சபையிடம் ஒப்படைத்துவிட முடியாத கடமை

திருப்பூரின் கிறிஸ்தவக் குடும்பங்களில் கேள்வி கேட்பாரில்லாமல் ஊன்றிப்போன ஒரு கருத்து உண்டு. பிள்ளையை விசுவாசத்தில் வளர்ப்பது சபையின் வேலை என்பதே அது. ஞாயிறு பள்ளி இருக்கிறது. மே மாதம் வந்தால் விடுமுறை வேதாகமப் பள்ளி இருக்கிறது. கத்தோலிக்கப் பங்கானால் மறைக்கல்வி வகுப்பு இருக்கிறது. பிள்ளையைக் குளிப்பாட்டி, நல்ல துணி போட்டு, நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டால் பெற்றோர் பொறுப்பு முடிந்தது என்று பலரும் நம்புகிறார்கள். இப்படி நினைப்பவர்கள் அக்கறை இல்லாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. காலை எட்டரைக்கு பனியன் கம்பெனிக்குள் நுழைந்து, ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு லைன் வீட்டின் ஒற்றை அறைக்குத் திரும்புகிறவர்கள் அவர்கள். தங்களால் முடியாததை முடிந்தவர்களிடம் ஒப்படைப்பதாகவே அவர்கள் எண்ணுகிறார்கள். பிரசங்க பீடமும் பெரும்பாலும் இதற்கு ஒத்தே ஊதுகிறது. பிள்ளைகளைத் தவறாமல் அனுப்புங்கள் என்ற அறிவிப்பு வாராவாரம் வருகிறது. வீட்டில் என்ன நடக்கிறது என்ற கேள்வி எப்போதாவதுதான் வருகிறது. இந்தக் கருத்து தவறு என்பதே என் வாதம். சின்னப் பிள்ளைக்கு விசுவாசம் வாய்ப்பது வீட்டின் அன்றாட நடப்பில்தான். சபை அதைத் தாங்கலாம், திருத்தலாம், நிறைவாக்கலாம். அதன் இடத்தில் தானே உட்கார்ந்துவிட முடியாது.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதன் குறையும் தெரிந்துவிடும். திருப்பூரின் தையல் மெஷின்களில் உட்கார்ந்திருக்கும் கிறிஸ்தவர்களில் பலர் திருநெல்வேலி, தூத்துக்குடி, மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள், அல்லது அப்படி வந்தவர்களின் பிள்ளைகள். 1799இல் முதலூர் தொடங்கி திருநெல்வேலிச் சீமையில் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த கிறிஸ்தவ ஊர்களில் ஆலயம் ஊருக்கு நடுவே நின்றது. காலையிலும் மாலையிலும் ஜெபத்துக்கு மணி அடித்தது. உபதேசியார் கூப்பிடு தூரத்தில் குடியிருந்தார். சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் பாட்டும் ஜெபமும் இருந்தன. அறுப்பின் பண்டிகைக்கு விளைச்சல் ஆலயத்துக்குப் போனது. அசனத்தில் ஊரே பந்தியில் உட்கார்ந்தது. அங்கே வளர்ந்த ஒருவர், தன்னை ஆலயம்தான் வளர்த்தது என்று சொன்னால் அது மெய். ஆனால் அவரை வளர்த்தது ஞாயிறு காலை வகுப்பு மட்டுமா? வாரத்தின் ஏழு நாளும் வீடும் தெருவும் ஆலயமும் சேர்ந்து வளர்த்தன. அவர் திருப்பூருக்கு பஸ் ஏறியபோது அந்த ஊர் கூடவே ஏறி வரவில்லை. எஞ்சியது வாரத்துக்கு ஒரு மணி நேரம். ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் போனாலும் ஆண்டுக்கு 52 மணி நேரம்; கூட்டிப் பார்த்தால் இரண்டு நாளும் கொஞ்சமும். ஓர் ஊர் முழுதும் சேர்ந்து செய்ததை இந்த இரண்டு நாள் செய்துவிடும் என்று எண்ணுவோர், முன்னோர் வழியைக் காப்பதாக நினைத்துக்கொண்டே அதை அறுத்துவிடுகிறார்கள்.

ஞாயிறு பள்ளியின் வரலாறும் இந்தக் கருத்துக்குத் துணை நிற்கவில்லை. 1780இல் இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகை அதிபர் இந்த முயற்சிக்கு உயிர் கொடுத்தார். குண்டூசித் தொழிலுக்குப் பேர்போன நகரம் அது. ஏழைச் சிறுவர்கள் வாரநாள் முழுதும் வேலையில் இருந்தார்கள். ஞாயிறு ஒன்றுதான் அவர்களுக்குக் கிடைத்த ஓய்வு. அந்த நாளில் அவர்களைக் கூட்டி எழுத்து கற்றுக்கொடுத்து, வேதத்தைத் தாங்களே வாசிக்க வைப்பதே நோக்கம். தொழில் ஒரு தலைமுறையின் பிள்ளைப் பருவத்தைப் பறித்துக்கொண்டபோது, பறிபோனதில் கொஞ்சத்தையாவது மீட்டுத் தரலாம் என்று எழுந்த முயற்சி அது. வீட்டுக்கு மாற்றாக யாரும் அதைத் தொடங்கவில்லை. கிறிஸ்தவம் அதற்கு முன்பு ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் ஞாயிறு பள்ளி இல்லாமலே தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது. ஞாயிறு பள்ளி ஆசிரியர்களின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவர்களில் பலரும் ஆறு நாள் கம்பெனி வேலை பார்த்துவிட்டு ஏழாம் நாளின் காலையைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்கள். அவர்கள் தோளில் அவர்களுக்கு உரியதல்லாத பாரத்தையும் சேர்த்து ஏற்றுகிறோம் என்பதே என் குறை.

வேதமும் திருச்சபை வரலாறும் இந்தப் பொறுப்பை யாரிடம் கொடுக்கின்றன? உபாகமம் ஆறாம் அதிகாரம் கட்டளைகளைப் பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்லும்போது நான்கு நேரங்களைக் குறிக்கிறது: வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது. கூடாரத்தையோ ஆசாரியனையோ அங்கே காணோம். மார்ட்டின் லுத்தர் சாக்சனி நாட்டுச் சபைகளை நேரில் பார்த்து, மக்களின் அறியாமை கண்டு வருந்தி, 1529இல் சிறிய ஞானோபதேசத்தை எழுதியபோது, அதன் பகுதிகளை வீட்டுத் தலைவர் தன் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்கத் தக்கதாகவே அமைத்தார். காலையில் எழுந்ததும் சொல்வது, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சொல்வது, படுக்கும்முன் சொல்வது என்று ஜெபங்களும் அதிலேயே இருந்தன. 1706இல் தரங்கம்பாடி வந்திறங்கிய சீகன்பால்கு தமிழாக்கிய நூல்களில் அதுவும் ஒன்று. கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்ற பொருளில் பேசி, பிள்ளைகளுக்கு முதலில் விசுவாசத்தை அறிவிப்பவர்கள் பெற்றோரே என்றது; அடுத்த ஆண்டு கல்வி பற்றிய அறிக்கையிலும் அவர்களையே முதன்மையான ஆசிரியர்கள் என்றது. பல கோட்பாடுகளில் பிரிந்து நிற்கும் இரு மரபுகள் இந்த ஒன்றில் கைகோக்கின்றன. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகளில் அன்று வாக்குக் கொடுப்பவர்கள் யார்? பெற்றோரும் ஞானப்பெற்றோரும். ஞாயிறு பள்ளிக் கண்காணிப்பாளர் அந்த வாக்கைக் கொடுப்பதில்லை.

முதல் மறுப்பு உடனே எழும்: நேரம் எங்கே? கம்பெனி வேலையின் கடுமை தெரிந்தவர் எவரும் இந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ளமாட்டார். ஆனாலும் இந்தக் கேள்விக்குள்ளே ஒரு தவறான கணக்கு ஒளிந்திருக்கிறது. விசுவாசம் என்பது அன்றாட வேலைகள் எல்லாம் முடிந்தபின் தனியாக ஒதுக்க வேண்டிய இன்னொரு ஷிப்ட் என்று அது வைத்துக்கொள்கிறது. இரவு ஒன்பதரைக்கு ஒற்றை அறையில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். அம்மா குக்கரை இறக்கிவைக்கிறாள். அவள் சுடிதாரில் ஒட்டிவந்த பஞ்சுப் பிசிறை நான்கு வயதுப் பிள்ளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறது. தட்டில் சோறு விழுகிறது. பிள்ளையின் கையைப் பிடித்து, இந்தச் சாப்பாட்டுக்கு நன்றி, இன்றைக்கு உன்னைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்காவுக்காக நன்றி என்று அவள் சொல்வதற்கு ஆகும் நேரம் அரை நிமிஷம். அதற்குள் அந்தப் பிள்ளை மூன்று பாடம் படித்துவிடுகிறது: உணவு தானாக வந்ததல்ல, கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார், வேறு சாமி கும்பிடும் அக்காவின் அன்பும் அவர் தந்ததுதான். இந்தப் பாடத்தை ஞாயிறு வகுப்பில் வண்ணப் படம் காட்டி நடத்த முடியாது; சோறும் அக்காவும் அங்கே இல்லை. பள்ளிக்கு வண்டியில் போகும் பத்து நிமிஷம், காய்ச்சல் நெற்றியில் கை வைக்கும் நேரம், தூங்கவைக்கப் பாடும் ஒரு கீர்த்தனை, அடித்துவிட்டு வருந்திய அப்பா பிள்ளையிடமே மன்னிப்புக் கேட்கும் தருணம் எல்லாம் ஏற்கெனவே வீட்டில் இருப்பவைதாம். எதையும் புதிதாகச் சேர்க்க வேண்டியதில்லை.

இப்படிச் சொல்வதால், உழைப்பு நேரத்தைத் திருடுகிறவர்கள் தப்பித்துக்கொள்ளக் கூடாது. பிள்ளை தூங்கிய பிறகே வீடு திரும்பி, அது எழும் முன்பே கிளம்ப வேண்டியிருக்கும் வாரங்களும் ஷிப்மென்ட் நெருக்கத்தில் உண்டு. அந்த வாரங்களில் அரை நிமிஷமும் கிடைப்பதில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எல்லை வகுத்தது; மிகைநேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்றது; 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்த மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது எழுந்த எதிர்ப்பில், மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவிக்க நேர்ந்தது. அந்த 12 மணி நேரம் ஒன்றரை ஷிப்ட் என்ற பெயரில் இங்கே பழகிப்போய்க் கிடக்கிறது. ஓய்வுநாள் கட்டளையை உபாகமம் ஐந்தாம் அதிகாரம் சொல்லும்போது வேலைக்காரனும் வேலைக்காரியும் எஜமானைப் போலவே இளைப்பாற வேண்டும் என்கிறது. எகிப்தில் அடிமையாக இருந்ததை நினைத்துக்கொள் என்று காரணமும் சொல்கிறது. மேலை நாட்டுக் கடைகளின் கிறிஸ்துமஸ் விற்பனைக்குப் போகும் உருப்படிகளைத் தைக்க, இங்கே ஒரு தாய் தன் பிள்ளையின் உறக்கவேளையை இழக்கிறாள் என்றால், அதைப் பேசுவது சபையின் ஊழியத்தில் சேர்ந்ததே. வீட்டை விட்டுக் கொடுத்துவிட்டு ஞாயிறு வகுப்பைப் பெரிதாக்கும் சபை, இந்த அநீதியோடு ஒத்துப்போய்விட்டது என்றே பொருள்.

இரண்டாவது மறுப்பு படிப்பைப் பற்றியது. எங்களுக்கு வேதம் அவ்வளவாகத் தெரியாது, பிள்ளை கேள்வி கேட்டால் என்ன சொல்வது என்று பெற்றோர் தயங்குகிறார்கள். இந்தத் தயக்கத்துக்குத் தமிழ்க் கிறிஸ்தவ வரலாறே விடை வைத்திருக்கிறது. 1578இல் கொல்லத்தில் ஹென்றிக் ஹென்றிக்கஸ் அச்சிட்ட தம்பிரான் வணக்கம் இந்திய மண்ணில் அச்சான முதல் தமிழ் நூல். அது வெறும் 16 பக்கம். முத்துக்குளித்துறையில் அதற்கு முன்பே பிரான்சிஸ் சேவியர், தான் கற்பித்த ஜெபங்களை வீட்டிலும் அயலிலும் போய்ச் சொல்லிக்கொடுக்கும்படி சிறுவர்களை அனுப்பினார். கடற்கரை மக்களின் விசுவாசம் நூலகங்களில் வேர்விடவில்லை. சில ஜெபங்களும் அவை தினமும் ஒலித்த குடிசைகளும் அதற்குப் போதுமாயிருந்தன. மூன்று வயதுப் பிள்ளை திரித்துவத்தை விளக்கச் சொல்லிக் கேட்பதில்லை. செத்துப்போன தாத்தா எங்கே, கடவுளுக்கு இருட்டு பயமா என்றுதான் கேட்கிறது. தெரிந்ததைச் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, வா, கடவுளிடம் கேட்போம் என்று அழைக்கும் தகப்பன் தேர்ந்த ஆசிரியனைவிட நல்ல பாடம் நடத்துகிறான்.

வீட்டைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: அங்கே பாடம் எப்போதும் நடந்துகொண்டேதான் இருக்கிறது. பீஸ் ரேட்டுக்கு காண்ட்ராக்ட் எடுத்து ஆள் வைத்து வேலை வாங்கும் அப்பா, சனிக்கிழமை சாயங்காலம் நோட்டும் பணக்கட்டுமாகத் தரையில் உட்காருகிறார். பிள்ளை பக்கத்தில் விளையாடிக்கொண்டிருக்கிறது. பேசிய ரேட்டைக் கடைசி நேரத்தில் குறைக்கிறாரா, ஒடிசாவிலிருந்து வந்த பையனுக்குக் கணக்கு புரியாது என்று இரண்டு நாள் சம்பளத்தை விழுங்குகிறாரா, அல்லது தன் கையில் மீதி நிற்காவிட்டாலும் பேசியதைக் கொடுக்கிறாரா என்பதை அந்தப் பிள்ளை பார்க்கிறது. வேலைக்காரரின் கூலியைப் பிடித்துவைப்பவர்களை யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பது ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனமாக வரலாம், வராமலும் போகலாம். சனிக்கிழமை பாடம் மட்டும் தவறாமல் நடக்கிறது. சம்பளக் கவர் டாஸ்மாக் வழியாக வீடு வருகிறதா, பெண் பார்க்கும் பேச்சில் சாதி முதலில் வருகிறதா, மாற்று மதத்து அண்டை வீட்டாரைப் பற்றி வீட்டுக்குள் இழிவாகப் பேசுகிறார்களா என்பதெல்லாம் அந்தப் பாடத்திட்டத்தில் உண்டு. பிள்ளையை யாரிடம் ஒப்படைத்தாலும் இந்த வகுப்பிலிருந்து அதை விடுவிக்க முடியாது. வீடு பாடம் நடத்த வேண்டுமா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு நமக்கு இல்லை. எதை நடத்துவது என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. அமெரிக்க இளையோரின் சமய வாழ்வை ஆராய்ந்த கிறிஸ்டியன் ஸ்மித்தும் மெலிண்டா டென்டனும் 2005இல் வெளியிட்ட நூலில், பிள்ளைகளின் விசுவாசத்தின்மேல் மற்ற எவரையும்விடப் பெற்றோருக்கே செல்வாக்கு அதிகம் என்ற முடிவுக்கு வந்தார்கள். வெர்ன் பெங்ட்சன் 1970 முதல் நூற்றுக்கணக்கான குடும்பங்களைப் பல தலைமுறைகளாகப் பின்தொடர்ந்து 2013இல் வெளியிட்ட நூல் இன்னும் நுட்பமானது. பெற்றோர் எவ்வளவு கண்டிப்பாகப் போதித்தார்கள் என்பதைவிட, பிள்ளையோடு எவ்வளவு அன்பாக நெருங்கியிருந்தார்கள் என்பதே விசுவாசம் கைமாறுவதில் பெரிய பங்கு வகித்தது. அதிலும் தகப்பனின் நெருக்கம் தனித்துத் தெரிந்தது. அமெரிக்காவின் முடிவு திருப்பூருக்கு ஒத்துவருமா என்று கேட்கலாம். ஞாயிறு பள்ளிக்கும் இளைஞர் ஊழியத்துக்கும் பணமும் ஆளும் கட்டடமும் குறைவில்லாத நாடு அது. அங்கேயே அந்த ஏற்பாடுகளால் வீட்டின் இடத்தைப் பிடிக்க முடியவில்லை என்றால், ஆலய வராந்தாவில் பாய் விரித்து வகுப்பு நடத்தும் நம் சபைகளிடம் அதை எதிர்பார்ப்பது என்ன நியாயம்? ஜெபமெல்லாம் அம்மா பார்த்துக்கொள்வாள் என்று ஒதுங்கும் அப்பாக்களுக்கும் இதில் செய்தி இருக்கிறது.

பெற்றோரில் ஒருவர் மட்டும் விசுவாசியாக இருந்தால்? பிள்ளையை ஊரில் ஆச்சியிடம் விட்டுவிட்டுத் தாங்கள் மட்டும் இங்கே தங்கியிருந்தால்? இரண்டுக்கும் தீமோத்தேயுவின் வீடு முன்மாதிரி. அவன் தகப்பன் கிரேக்கன். அவனிடமிருந்த விசுவாசத்தைப் பற்றிப் பவுல் பேசும்போது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பேர் சொல்லி நினைவுகூருகிறார். பாட்டியின் பேர்தான் முதலில் வருகிறது. ஆகவே ஊரிலிருக்கும் ஆச்சி விசுவாச வளர்ப்பில் இரண்டாம் தரத்து ஆள் இல்லை. இரவில் போனில் முகம் பார்த்துப் பேசும் ஐந்து நிமிஷத்தில் சாப்பிட்டாயா, படித்தாயா என்று கேட்டபின், மூவரும் சேர்ந்து ஒரு ஜெபம் சொல்லி முடிக்க எது தடை?

கடைசி மறுப்பு சபைக்கு வெளியிலிருந்து வருகிறது. இப்போது உள்ளேயும் கேட்கிறது. விவரம் தெரியாத பிள்ளைக்கு மதத்தைப் புகட்டுவது அதன் சுதந்திரத்தைப் பறிப்பதல்லவா, வளர்ந்தபின் அதுவே தேர்ந்துகொள்ளட்டுமே என்கிறார்கள். மனச்சாட்சியின் சுதந்திரம் அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு காக்கும் உரிமை. கிறிஸ்தவர்களே அதை மதிக்காவிட்டால் வேறு யார் மதிப்பார்கள்? ஆனால் எதுவும் எழுதாத பலகையாக எந்தப் பிள்ளையும் பதினெட்டு வயதை எட்டுவதில்லை. வீடு பேசாமல் விட்ட இடத்தில் செல்போனும் சாதியும் சந்தையும் பேசுகின்றன. அவை பிள்ளையின் அனுமதியைக் கேட்பதில்லை. தாய்மொழியைக் கொடுப்பதால் பிள்ளையின் பேச்சுரிமை பறிபோவதில்லை. அன்போடு கொடுத்த விசுவாசமும் அப்படித்தான். பின்னாளில் சோதித்துப் பார்க்கவும், ஏற்கவும், மறுக்கவும்கூட ஒன்று அதன் கையில் இருக்கும். திடப்படுத்தல் ஆராதனையில் வளர்ந்த பிள்ளை தானே வாய்திறந்து அறிக்கையிட வேண்டும் என்று சபை வைத்திருப்பதன் பொருளும் அதுவே. நரகத்தைக் காட்டி மிரட்டுவதும் கேள்வி கேட்டால் வாயை அடைப்பதும் சுதந்திரத்தைப் பறிப்பவை. அவற்றை நானும் எதிர்க்கிறேன். அப்பாவையும் அம்மாவையும் தினமும் பார்த்து வளரும் பிள்ளைக்கு, அந்த விசுவாசம் மெய்யா பொய்யா என்று எடைபோடும் வாய்ப்பு, வாரம் ஒருமுறை வகுப்புக்குப் போகும் பிள்ளையைவிட அதிகம்.

ஆகவே சபைகள் வரிசையை மாற்ற வேண்டும். ஞானஸ்நானத்துக்கு முன் பெற்றோருக்கு நடத்தும் ஆயத்தம் ஒரு கையெழுத்தோடு முடியாமல், வீட்டில் எப்படி ஜெபிப்பது, கதை சொல்வது, கேள்விக்கு விடை சொல்வது என்று பழக்கித் தர வேண்டும். ஞாயிறு பள்ளியில் சொன்ன கதை அன்றைக்கே பெற்றோரின் வாட்ஸ்அப்புக்குக் குரல் பதிவாகப் போகட்டும். வாரம் முழுதும் அதை வீட்டில் சொல்வது பெற்றோர் பங்கு. போதகரின் வீடு சந்திப்பில், பிள்ளை ஏன் வகுப்புக்கு வரவில்லை என்ற கேள்விக்கு முன், நீங்கள் இருவரும் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறீர்கள் என்ற கேள்வி வரட்டும். சபைக் கமிட்டியில் கம்பெனி முதலாளிகள் இருந்தால் அந்தக் கேள்வி அவர்களையும் எட்டட்டும். ஞாயிறு பள்ளி இதனால் சிறுத்துப் போகாது. வீட்டில் கேட்டதை ஆலயத்திலும் கேட்கும் பிள்ளை அங்கே இன்னும் ஆவலோடு உட்காரும். பெற்றோரே, உங்களிடம் இல்லாத படிப்பையோ ஓய்வையோ இந்தக் கடமை கேட்கவில்லை. எப்படியும் பிள்ளையின் கண்முன் வாழப்போகிற வாழ்க்கையை, நீங்கள் நம்புகிறவரின் முன்னிலையில் வாழச் சொல்கிறது. அன்று ஆலயத்தில் வாக்குக் கொடுத்தவர்கள் நீங்கள். அதை நிறைவேற்றும் பொறுப்பும் உங்களுடையதே.